தண்ணீருக்காகப் பிறந்த நிலையம்

மேட்டுப்பாளையத்திலிருந்து கிலோமீட்டர் கணக்கில் கல்லாறு 8, அடர்லி 13, ஹில்குரோவ் 18, ரன்னிமேடு 21, காட்டேரி 25, குன்னூர் 28. நீலகிரி மலை ரயில் காட்டுக்குள் ஏறும் பகுதி இவ்வளவுதான். இதில் குன்னூர் ஒரு ஊர். கல்லாற்றில் அரசுப் பழப்பண்ணை இருக்கிறது. நடுவிலுள்ள நான்கு நிலையங்களையும் சுற்றிப் பாறை, சோலை, ஓடை, அங்கங்கே கொஞ்சம் எஸ்டேட். டிக்கெட்டுக்கு வரிசை கட்டும் அளவுக்கு அங்கே ஆட்கள் குடியிருந்திருக்க வழியில்லை. அப்படியிருக்க, ஐந்து கிலோமீட்டருக்கு ஒன்று, மூன்று கிலோமீட்டருக்கு ஒன்று என்று இத்தனை நெருக்கமாக எதற்காக நிலையம் கட்டினார்கள்?

சின்ன வயதில் அப்பாவிடம் கேட்டேன். "துரைமார் எஸ்டேட்டுக்குப் போக வர இருக்கும்டா" என்றார். நெடுநாள் அதையே நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு டிசம்பர் காலை ஹில்குரோவில் எனக்கு வேறு பதில் கிடைத்தது. மேட்டுப்பாளையத்தில் 7.10-க்குக் கிளம்பிய ரயில் ஒன்பது மணி வாக்கில் அங்கே வந்து நின்றது. எல்லாரும் இறங்கினார்கள். டீ, வடை வாங்க ஒரு கூட்டம். பெயர்ப்பலகை முன்னால் நின்று படம் எடுக்க ஒரு கூட்டம். கூரைமேல் குரங்குகள் வடைக்காகக் காத்திருந்தன. நான் ரயிலின் பின்பக்கம் நடந்தேன். மலைப்பகுதியில் எஞ்சின் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று மேல்நோக்கித் தள்ளிக்கொண்டுதான் வரும். அங்கே ஒருவர் எஞ்சினின் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்று குழாயைத் தொட்டியின் வாய்க்குள் விட்டுக்கொண்டிருந்தார். கீழே நின்றவர் பிரேக்ஸ்மேன். நீலச் சட்டை, கையில் சுருட்டிய பச்சைக்கொடி.

"ஏனுங்கண்ணா, இங்க எவ்வளவு நேரமுங்க நிக்கும்?"

"தொட்டி நெறையற வரைக்கும் நிக்குமுங்க."

"நாங்க டீ குடிக்கத்தான் நிக்குதுன்னு நெனச்சேனுங்க."

அவர் பதில் சொல்லாமல் தொட்டியின் பக்கவாட்டுத் தகட்டை விரல் மடக்கித் தட்டிக் காட்டினார். மேலே தட்டினால் காலிக்குடத்துச் சத்தம். ஒரு முழம் கீழே தட்டினால் கனத்த, அமுங்கிய சத்தம். அந்த இரண்டு சத்தத்துக்கும் நடுவிலிருந்த கோடு மெல்ல மேலேறுவதைக் காதாலேயே அளக்க முடிந்தது. "இது குடிச்ச பொறகுதானுங்க நாம குடிக்கறது" என்றார்.

ஹில்குரோவ் பிறந்த கதை அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது. அதை விரித்துச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நீலகிரிக்கு ரயில் விடும் யோசனை 1854-லேயே எழுந்தது. கோவைப் பக்கத்துச் சமவெளியில்கூட அன்றைக்கு ரயில் ஓடவில்லை. போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை பாதை வந்தது 1873-ல். அதன் பிறகும் மலையேறுகிறவர்கள் மேட்டுப்பாளையத்தில் இறங்கி, மட்டக்குதிரை பூட்டிய டோங்காவிலும் மாட்டு வண்டியிலும் மஞ்சலிலும் காட்டுப் பாதையில் போனார்கள். அடிவாரக் காட்டு மலேரியாவுக்குப் பயந்து, இருட்டும் முன் அந்தக் காட்டைத் தாண்டிவிடத் துடித்த காலம் அது.

சுவிட்சர்லாந்தில் ரிகி மலைமேல் 1871-ல் பல்சக்கர ரயில் ஓடத் தொடங்கியது. அதை அமைத்தவர் நிக்லாஸ் ரிகன்பாக். 1880-களின் தொடக்கத்தில் அவருடைய முறையிலேயே நீலகிரிக்கும் பாதை போடலாம் என்று திட்டம் வந்தது. பணம் சேரவில்லை. பிறகு ரிகன்பாக்கிடம் வேலை பார்த்துத் தேறிய ரோமன் அப்ட் கண்டுபிடித்த புது முறை கைக்கு வந்தது. ரிகன்பாக்கின் பாதை ஓர் ஏணியைத் தரையில் படுக்கவைத்தது போல இருக்கும். அப்ட் அதை மாற்றி, பல் வெட்டிய இரண்டு இரும்புச் சட்டங்களைப் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தினார். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் இருக்கும். இதனால் எந்த நொடியிலும் எஞ்சினின் பல்சக்கரம் ஏதாவது ஒரு பல்லைக் கவ்விப் பிடித்திருக்கும்; குலுக்கலும் குறையும். நீலகிரியில் இன்றைக்கும் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே கிடப்பது இந்த ஜோடிச் சட்டம்தான். கல்லாற்றை விட்டதும் தொடங்கி, குன்னூரில் முடிகிறது.

1891 ஆகஸ்டில் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு முதல் மண்ணை வெட்டி வேலையைத் தொடங்கி வைத்தார். மூன்றே ஆண்டில் கம்பெனி திவாலானது. 1896-ல் இன்னொரு கம்பெனி எழுந்து மிச்ச வேலையை எடுத்துக்கொண்டது. 1899 ஜூன் 15 அன்று மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ரயில் ஓடியது. ஓட்டியது மெட்ராஸ் ரயில்வே. யோசனைக்கும் ஓட்டத்துக்கும் நடுவே 45 ஆண்டு.

அந்த ஆண்டுகளில் பொறியாளர்கள் போட்ட கணக்குகளில் ஹில்குரோவைப் பெற்றெடுத்த கணக்கு எஞ்சினின் தாகம் பற்றியது.

சமவெளியில் 100 அடி ஓட்டத்துக்கு ஓர் அடி உயர்ந்தாலே ரயில்காரர்கள் அதை ஏற்றம் என்பார்கள். இங்கே ஏறக்குறைய 12 அடிக்கு ஓர் அடி. கல்லாற்றிலிருந்து குன்னூருக்கு 20 கிலோமீட்டர் தூரம். அதற்குள் சுமார் 1,300 மீட்டர் உயர வேண்டும். வழுக்கும் தண்டவாளத்தில் வெறும் சக்கரத்தை நம்பி இதை ஏற முடியாது என்பதால்தான் பல்சக்கரம். ஆனால் பல்சக்கரம் பிடிமானத்தைத்தான் தருகிறது. சுமையைத் தூக்கும் வேலை முழுக்க நீராவியின் தலையில்.

முதலில் ஓடியவை மான்செஸ்டரின் பேயர் பீகாக் கம்பெனி எஞ்சின்கள். 1914 முதல் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்த எக்ஸ் ரக எஞ்சின்கள் வரத் தொடங்கின. இந்த எக்ஸ் எஞ்சினைப் பக்கவாட்டில் நின்று ஒருமுறை பார்க்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு இரண்டு சிலிண்டர், ஒன்றன்மேல் ஒன்று. கீழ்ச் சிலிண்டர் சாதாரணச் சக்கரங்களை உருட்டும். அதில் உழைத்து வெளியேறும் நீராவியைச் சமவெளியில் புகைபோக்கி வழியாக விட்டுவிடுவார்கள். மலை தொடங்கியதும் அதே நீராவியை மேல் சிலிண்டருக்குத் திருப்பி, பல்சக்கரத்தை உருட்டச் செய்வார்கள். மேல் தண்டுகள் கீழ்த் தண்டுகளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். வேகமாகவும் சுற்றும். முதல் தடவை பார்ப்பவருக்கு எஞ்சின் முன்னே போகிறதா பின்னே போகிறதா என்று கண் தடுமாறும். ஒரு மூச்சு நீராவியிடம் இரண்டு முறை வேலை வாங்கும் இந்தச் சிக்கனத்தை நான் எப்போதும் மதிக்கிறேன்.

இவ்வளவு சிக்கனத்துக்குப் பிறகும் தண்ணீர் போதாது. புகைபோக்கி வழியாகப் போன ஆவி மீண்டும் தொட்டிக்கு வருவதில்லை. ஒவ்வொரு ‘புஸ்’ஸும் ஒரு சொம்புத் தண்ணீர் காட்டுக்குப் போன சத்தம் என்று வைத்துக்கொள்ளலாம். அதோடு கொதிகலனுக்குள் ஒரு கண்டிப்பு இருக்கிறது. நெருப்பறையின் கூரைத் தகடு எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். மட்டம் இறங்கி அந்தத் தகடு வெளியே தெரிந்தால் இரும்பு பழுத்துவிடும். பிறகு நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை. டிரைவரின் கண் ஓயாமல் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய்க்குப் போய்வருவது இதனால்தான்.

பெரிய தொட்டியாக வைத்துவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். சமவெளி எஞ்சின்கள் பின்னால் தண்ணீருக்கென்றே ஒரு தனி வண்டியை இழுத்துக்கொண்டு ஓடின. மலையில் அது நடக்காது. ஒரு டன் தண்ணீரைக் கூடுதலாக ஏற்றினால் அந்த ஒரு டன்னையும் மலைமேல் தூக்க வேண்டும். தூக்க இன்னும் நீராவி, நீராவிக்கு இன்னும் தண்ணீர். பயணிகளைத் தூக்க வேண்டிய எஞ்சின் தன் குடிநீரைத் தூக்கியே களைத்துவிடும். ஆகவே தொட்டியைச் சின்னதாக வைத்து, வழியில் அடிக்கடி குடிக்கவைப்பதுதான் வழி. நடந்து மலையேறும் பெரியவர்கள் ஒரு சின்னச் சொம்போடு கிளம்பி, சுனைக்குச் சுனை உட்கார்ந்து போவார்களே, அதே யோசனை.

அப்படி உட்காரும் இடமாகத்தான் அடர்லியும் ஹில்குரோவும் ரன்னிமேடும் வந்தன.

சுனை இருக்கும் இடமெல்லாம் நிலையம் ஆகிவிடாது. ரயில் செங்குத்தான சரிவில் நின்று இளைப்பாற முடியாது. மலையின் விலாவைக் குடைந்து, சாய்வு தணிந்த ஒரு திண்ணை செய்ய வேண்டும். ஒற்றைப் பாதையில் மேலே போகும் ரயிலும் கீழே வரும் ரயிலும் ஒன்றையொன்று கடக்க அந்தத் திண்ணையில் இன்னொரு பாதையும் வேண்டும். ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் பள்ளம், நடுவில் இந்த அகலம். ஹில்குரோவ் நடைமேடையில் நின்றால் இது காலுக்கே தெரியும். அதுவரை வந்த பாதையும் இனிமேல் போகப்போகும் பாதையும் சரிந்து கிடக்க, நடுவில் நாம் நிற்கும் இடம் மட்டும் சமமாக இருப்பதுபோலத் தோன்றும். தண்ணீரும் திண்ணையும் ஒரே இடத்தில் அமைய வேண்டும். அவை அடுத்த சுனைக்கு எட்டும் தூரத்திலும் இருக்க வேண்டும்.

மலைத் தண்ணீருக்கு இன்னொரு நற்குணம் உண்டு. கீழ்நாட்டு உப்புத் தண்ணீரைக் கொதிகலனில் ஊற்றினால் நம் வீட்டு வெந்நீர்ப் பானையில் படிவதுபோலக் குழாய்களில் வெள்ளையாய்ப் படிந்து எஞ்சினைச் சீக்கிரம் கிழமாக்கும். பாறைமேல் பெய்து சோலை வழியாக இறங்கும் தண்ணீரில் அந்தத் தொல்லை குறைவு.

ஹில்குரோவின் இடத்தில் எனக்குப் பிடித்த இன்னொரு கணக்கும் இருக்கிறது. கல்லாறு 8, குன்னூர் 28. நடுவில் 18. பல்சட்டம் தொடங்கும் இடத்துக்கும் முடியும் இடத்துக்கும் சரிபாதியில், கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேலே அது உட்கார்ந்திருக்கிறது. ரயில் அங்கே நெடுநேரம் நிற்பதற்கும், சிற்றுண்டிக் கடை அங்கே வேர் பிடித்ததற்கும் இந்த நடுத்தன்மையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இரண்டு மணி நேரம் குலுங்கி வந்தவருக்கு இடுப்பு கேட்கும் இடமும், எஞ்சின் தண்ணீர் கேட்கும் இடமும் ஒன்றாகிவிட்டன.

ஹில்குரோவ், ரன்னிமேடு என்ற பெயர்கள் வெள்ளைக்காரர்கள் வைத்தவை. ஹில்குரோவ் என்றால் மலைத்தோப்பு. இடத்துக்குப் பொருந்தித்தான் இருக்கிறது. ரன்னிமேடு கதை இன்னும் அழகு. 1215-ல் இங்கிலாந்து மன்னர் ஜான் மாக்னா கார்ட்டாவுக்கு முத்திரையிட்ட தேம்ஸ் நதிக்கரைப் புல்வெளியின் பெயர் ரன்னிமீட். அங்கே அது தாழ்ந்த ஆற்றோரச் சமவெளி. இங்கே நம் ஆட்கள் வாயில் அது ‘மேடு’ ஆகி, உண்மையிலேயே மேட்டில் இருக்கும் இடத்துக்குப் பொருந்திவிட்டது.

1903-ல் அரசு இந்தப் பாதையை விலைக்கு வாங்கியது. 1908 அக்டோபரில் ரயில் உதகமண்டலத்தைத் தொட்டது. குன்னூருக்கு மேலே பல்சட்டம் கிடையாது, சாய்வு தணிந்த பாதை. வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று அங்கே வரும் நிலையங்களுக்கெல்லாம் ஊரும் மக்களும் உண்டு: ராணுவத்தினர், வெடிமருந்துத் தொழிற்சாலை ஊழியர்கள், பள்ளிப் பிள்ளைகள். மேலுள்ளவை மனிதர்களுக்காக ஏற்பட்ட நிலையங்கள், கீழுள்ளவை எஞ்சினுக்காக ஏற்பட்டவை. ஒரே பாதையில் இரண்டு வம்சம்.

இந்த வேறுபாடு பின்னாளில்தான் பளிச்சென்று தெரிந்தது. சாலை அகலமாகிப் பேருந்துகள் வந்தன. காட்டுக்குள் இருந்த நிலையங்களில் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஆளில்லை. அடர்லி, ரன்னிமேடு, காட்டேரி மூன்றும் பயணிகள் நிலையங்களாக மூடப்பட்டன. ஆனால் அடர்லியிலும் ரன்னிமேட்டிலும் ரயில் இன்றும் நிற்கிறது. தண்ணீர் அங்கே இருக்கிறது. காட்டேரியில் நிற்பதில்லை, ஜன்னலுக்கு வெளியே சில நொடி தெரிந்து மறைந்துவிடுகிறது. ஒரு நிலையத்தை மூட உத்தரவு போடலாம், எஞ்சினின் தாகத்துக்கு யார் உத்தரவு போட முடியும்? ஹில்குரோவுக்கு மட்டும் தண்ணீரும் இருந்தது, டீக்கடையும் இருந்தது. அது நிலையமாகவே நீடித்தது.

எஞ்சினுக்குப் போடும் தீனி பலமுறை மாறியது. நிலக்கரிப் புகையும் பொறியும் காட்டில் தீ மூட்டும் என்ற கவலை, நல்ல கரி கிடைக்காத தொல்லை எல்லாம் சேர்ந்து, 2000-களின் தொடக்கத்தில் பர்னஸ் ஆயில் எரிக்கும் முறை வந்தது. பழைய சுவிஸ் எஞ்சின்கள் தளர்ந்தபோது, திருச்சி பொன்மலைப் பணிமனை அதே எக்ஸ் ரகத்தைத் தானே செய்யத் துணிந்தது. 2011-ல் முதல் எஞ்சின் வெளியே வந்தது. வின்டர்தூரில் நூறாண்டுக்கு முன் வரைந்த ஒரு சிக்கலான எந்திரத்தை நம் ஃபிட்டர்களும் கொல்லர்களும் பாகம் பாகமாகச் செய்து உயிர் கொடுத்தது, தமிழ்நாட்டுத் தொழில் வரலாற்றில் பெரிதாகப் பேசப்பட வேண்டிய செய்தி. போதிய அளவு பேசப்படவில்லை. 2021-ல் அதே பணிமனை நிலக்கரி எஞ்சின் ஒன்றையும் செய்தது. கரியோ எண்ணெயோ, சுவிஸோ பொன்மலையோ, ஹில்குரோவில் எல்லாம் ஒரே குழாயின் கீழ் நின்று குடித்தன.

2005 ஜூலையில் டர்பனில் கூடிய யுனெஸ்கோ குழு நீலகிரி மலை ரயிலை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. டார்ஜிலிங் ரயில் அதற்கு முன்பே அந்தப் பட்டியலில் இருந்தது. நீலகிரியும் அதில் சேர்ந்த பிறகு இங்கே பயணிகள் கூட்டமும் கேமராக்களும் பெருகின. அது நல்லதே. இந்தக் கூட்டம் இல்லாவிட்டால் இந்த ரயில் எப்போதோ நின்றிருக்கும்.

இருந்தாலும் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பாரம்பரியம் என்று நாம் கட்டிடத்தையும் பெயர்ப்பலகையையும் பெட்டியின் நிறத்தையும் பார்த்துச் சொல்கிறோம். ஹில்குரோவின் பாரம்பரியம் முதலில் மேலேயுள்ள சோலையில் இருக்கிறது. சோலை வற்றினால் ஓடை வற்றும். ஓடை வற்றினால் லாரியில் தண்ணீர் கொண்டுவரக்கூட அங்கே ஒழுங்கான சாலை கிடையாது. குன்னூருக்கு மேலே ஏற்கெனவே டீசல் எஞ்சின்தான் இழுக்கிறது. காட்டுப் பகுதிக்கும் அது வந்துவிட்டால், ஹில்குரோவில் நிற்பதற்குக் காரணம் எதுவும் இருக்காது. படம் எடுக்க மட்டும் நிற்கலாம். வண்ணம் பூசுவதற்குக் காட்டும் அக்கறையில் பாதியை அந்தச் சோலைக்கும் ஓடைக்கும் காட்ட வேண்டும் என்று கேட்கிறேன்.

அந்தக் காட்டில் நமக்கு முன்பே தண்ணீருக்கு நடந்தவை யானைகள். 2022 தொடக்கத்தில், மலை ரயில் பாதையோரம் கட்டிய தடுப்புச் சுவரைத் தாண்ட முடியாமல் யானைக் கூட்டம் தவிக்கும் காட்சி வெளியாகி, எதிர்ப்பு எழுந்து, வழியை மறித்த சுவர் இடிக்கப்பட்டது. எஞ்சினும் யானையும் ஒரே மலைச்சரிவில் தண்ணீர் தேடுகின்றன. சுவர் கட்டுகிறவர்கள் அதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை வந்தால் இந்தப் பாதை பாடுபடும். கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் நடுவே ஆண்டுதோறும் எங்காவது மண் சரியும், மரம் சாயும். 2009 நவம்பரில் நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த பெருமழையில் பாதை பல இடங்களில் அறுபட்டு, மாதக்கணக்கில் ரயில் ஓடவில்லை. நானும் ஒருமுறை குழந்தைகளோடு மேட்டுப்பாளையம் வரை போய், மண்சரிவு என்ற அறிவிப்பைக் கேட்டு, ஆளுக்கொரு பொட்டலம் வர்க்கியோடு திரும்பியிருக்கிறேன். குழந்தைகள் அழுதார்கள். அதே நேரத்தில் மேலே, மழையில் நனைந்தபடி கேங்மேன்கள் கடப்பாரையால் பாறை நெம்பிக்கொண்டிருந்திருப்பார்கள்.

அவர்கள் பாதையைச் சீராக்கி முடித்ததும் முதலில் சோதனை ஓட்டம் விடுவார்கள். பயணிகள் இருக்க மாட்டார்கள். ரயில்வே ஊழியர்கள் மட்டும்தான். டீக்கடை மூடியிருக்கும். படம் எடுக்க ஆளிருக்காது. பாதையோரம் புதுமண்ணின் ஈரம் காய்ந்திருக்காது. அந்த எஞ்சினும் 18-ஆம் கிலோமீட்டரில் நின்று, தொட்டி நிறைந்த பிறகுதான் ரன்னிமேட்டுக்கு ஏறும்.